நீள வண்டிகள்

மூன்று வருடம் முன்பு, பெரிய வெள்ளி.
வெறும் வயிற்றில் சிலுவையைத் தோளில் வாங்கினேன்.
கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருக்காரர்கள்
ஆண்டுக்கு ஒருவராய்ச் சுமப்பது.
ஒன்பதாம் தலத்தில் தொடைகள் கல்லாகிப்போயின.
கர்த்தர் மூன்றாம் முறை விழுகிற இடம் அது.
நான் விழுந்ததை நடிப்பென்று நினைத்து
இரண்டு பெண்கள் அழுதார்கள்.

சாயங்காலம் மூத்திரம்
கட்டஞ்சாயா நிறத்தில் போயிற்று.
பிலோமினாவுக்குத் தெரியக்கூடாதென்று
இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன்.

கோயம்புத்தூரில் நான்கு டாக்டர்கள்.
ஒருவர் வெயில் என்றார்.
ஒருவர் என் கண்ணைப் பார்க்காமல், குடியா என்றார்.
சித்தூர் தாலுகாவில் பிறந்தும்
கள்ளைத் தொடாதவன் நான், யார் நம்புவார்?
ஐந்தாவதாக ஒரு பெண் டாக்டர்
தொடையிலிருந்து புளியங்கொட்டை அளவு சதை எடுத்து
எங்கோ அனுப்பினார்.
லட்சத்தில் ஒருவருக்கு வருமாம்.
எல்லை தாண்டி வந்து லாட்டரி வாங்குகிறார்கள் எங்கள் ஊரில்.
எனக்குச் சீட்டு வாங்காமலே விழுந்தது.

அவர் சொன்னது விளங்கவில்லை.
வேலந்தாவளம் செக்போஸ்ட் தெரியுமா டாக்டர் என்று
நானே கேட்டு, நானே புரிந்துகொண்டேன்:
எண்ணெயில் இருக்கும் கொழுப்பு நீள லாரி.
சதைக்குள் எரிகிற அடுப்புக்கு அது போய்ச்சேர
உள்கேட்டில் முத்திரை விழ வேண்டும்.
முத்திரை குத்துகிறவன் என் உடம்பில்
பிறவியிலேயே அரைத்தூக்கம்.
சும்மா உட்கார்ந்திருக்கும்போது சமாளிப்பான்.
பட்டினி கிடந்து பாரம் தூக்கினால்
லாரிகள் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் நிற்கும்.
விறகு வராத அடுப்பு
தன் கல்லே உடைந்து கரையும்.
அந்தக் கல்தான் கட்டஞ்சாயா.

வெளியே வரிச்சாவடியை மூடிப் பல வருடம் ஆயிற்று.
உள்ளே இருப்பதை மூட
எந்தச் சர்க்காரிடம் மனு கொடுப்பது?

சின்னக் கொழுப்பு என்று ஒன்று உண்டு.
மொபெட் மாதிரி,
முத்திரைக்கு நிற்காமல் சந்தில் நுழைந்துவிடும்.
அதை மட்டும் பிரித்து பாட்டிலில் விற்கிறார்கள்,
என் இரண்டு நாள் கூலிக்கு.

நான் கொப்பரைக் களத்தில் எடை எழுதுகிறவன்.
முன்பு மூட்டை தூக்கினேன், இப்போது பேனா.
தேங்காயிலிருந்துதானடா அதையும் எடுக்கிறான்,
நம்ம எண்ணெயையே குடி என்கிறான் சவரிமுத்து.
டயட்டீஷியன் பெண் தாளில் வரைந்து காட்டினாள்:
தேங்காயெண்ணெயில் பாதிக்குமேல் நடுவாந்தர வண்டி,
லாரியிலும் சேராது மொபெட்டிலும் சேராது,
பெரும்பாலும் கேட்டில் பிடித்துவிடுவார்கள்.
சவரிமுத்துவுக்கு இதை எப்படிச் சொல்ல?
சட்டை முழுக்கக் கொப்பரை வாசத்தோடு
தலையை ஆட்டிவிட்டு வருகிறேன்.

முதல் வாரம் பாட்டில் எண்ணெய்
என்னைக் கக்கூசிலேயே குடியிருத்தியது.
அரை ஸ்பூன், பிறகு முக்கால் ஸ்பூன்.
அடுப்பில் காய்ச்சக்கூடாது, புகைந்துவிடும்.
ஆறிய சோற்றில் ஊற்றிப் பிசைகிறேன்.
வாசம் இல்லை, ருசி இல்லை,
எண்ணெய் என்று எழுதிய தண்ணீர்.
பிலோமினா மத்தியை எங்கள் மகளுக்குப் பொரிக்கும்போது
எனக்கு வேலை இருப்பதுபோல் வெளியே போவேன்.
அவளும் எனக்குத் தெரியாதென்று நினைத்து
இரண்டு துண்டு குறைத்துப் பொரிக்கிறாள்.
ராத்திரி படுக்குமுன் ஒரு கிண்ணம் கஞ்சி,
விடியும்வரை அடுப்புக்குச் சுள்ளி.

இந்த வருடம் ஃபாதரிடம் போய் நின்றேன்.
சாப்பிட்டுவிட்டு வா என்றார். அவ்வளவுதான்.
பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை.

சிலுவை வேறொருவன் தோளில்.
நான் கூட்டத்தின் கடைசியில், மெதுவாக.
என் மகள் ஜெஸிந்தாவுக்குப் பத்து வயது.
முதல் ஒருசந்தி, உதடு உலர்ந்திருந்தது.
ஆறாம் தலத்தில் எல்லாரும் முழந்தாளிட்டபோது
பிலோமினா முந்தானைக்குள்ளிருந்து
ஒரு நேந்திரம்பழம் எடுத்து என் கையில் திணித்தாள்.
குனிந்து தின்றேன்.
மகள் பார்த்தாள். பிறகு பார்க்காததுபோல
முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றாள்.

தோலை எங்கே போடுவதென்று தெரியாமல்
மீதி எட்டுத் தலமும்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.